களத்துமேட்டு நீதி

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியினின்று குடமுருட்டி பிரிந்து வயல்தோறும் நீரைப் பங்கிடுகிறது. அந்நீரில் விளைந்த நெல்லோ தஞ்சைத் தரணியில் நெடுங்காலம் அவ்வாறு பங்கிடப்படவில்லை. உழைத்த பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலுமே மிஞ்சின. பி. சீனிவாசராவ் முதலியோர் 1940களில் வளர்த்த விவசாயிகள் சங்கம் அக்கொடுமையை எதிர்த்து எழுந்தது. 1952இல் இராஜாஜி அரசு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொணர்ந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம், நன்செய்க் குத்தகையில் நிலவுடைமையாளர் பங்கை விளைச்சலில் 40 விழுக்காடாக வரையறுத்தது. ஆயினும், கூலி உயர்வுப் போராட்டத்தினிடையே, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அதன் பின்னரே, 1969இல், நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது.

தனியுடைமையா, பொதுவுடைமையா என வழக்காடுவோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று: ஏட்டில் நின்ற நீதியைக் களத்துமேட்டில் நெல்லாக அளக்கச் செய்தது உழைப்போரின் ஒற்றுமையே. அதற்கு அவர்கள் தந்த விலையோ பெரிது.