மாம்பழக் கரும்புள்ளிக்குப் பெயர் வைத்த கதை

மாம்பழ சீசனில் மயிலாப்பூர் மாட வீதியிலோ தி.நகரிலோ ஒரு குறையும் தெரியாத பங்கனபள்ளியாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வருகிறோம். மூன்றாம் நாள் பழுக்கும்போது தோலில் கரும்புள்ளி; பிறகு அது குழிந்து அழுகுகிறது. "பழக்காரன் ஏமாத்திட்டான்" என்பது நம் வீடுகளில் வழக்கமான தீர்ப்பு.

பாவம், அவர் மேல் குற்றமில்லை. காய் மரத்தில் இருக்கும்போதே பூஞ்சையின் வித்து மழைநீரோடு வந்து தோலில் ஒட்டிக்கொள்கிறது. பச்சைக்காயின் தோலில் உள்ள சில ரசாயனங்கள் அதை வளரவிடுவதில்லை. காய் கனியக் கனிய அந்தக் காவல் தளர்கிறது.

அந்தப் பூஞ்சை எது? 1882ல் இத்தாலியில் பென்சிக் என்பவர் எலுமிச்சை வகைச் செடியில் கண்டு பெயரிட்ட 'கிளியோஸ்போரியாய்டஸ்' என்றே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1957ல் வான் ஆர்க்ஸ் இந்தக் குடும்பத்தின் நூற்றுக்கணக்கான பெயர்களை 11 இனங்களாகச் சுருக்கினார். மா, பப்பாளி, கொய்யா எல்லாவற்றின் அழுகலும் பெரும்பாலும் ஒரே பெயரில் பதிவாயின.

1960களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் சிம்மண்ட்ஸ், பழுத்த பழங்களின் அழுகலை ஆராய்ந்தபோது முனை கூரான வித்துகளைக் கவனித்தார். அதைத் தனி இனமாக்கி 'அக்யுடேட்டம்' என்று பெயரிட்டார். இது வெறும் பெயர் விவகாரமல்ல. பழைய இனத்தை அடக்கிய பெனோமில் மருந்துக்கு இது அவ்வளவாக அடங்கவில்லை. காய்ச்சல் என்றால் போதாது, மலேரியாவா டைஃபாய்டா என்று தெரிந்தால்தானே மருந்து!

நம் ஊருக்கும் இந்தத் துறையில் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். சதாசிவனிடம் பயின்று, பின்னாளில் அங்கேயே தாவரவியல் உயராய்வு மையத்தின் இயக்குநரானவர் சி.வி. சுப்பிரமணியன். வித்தின் தோற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்த்துப் பூஞ்சைகளை வகைப்படுத்த வேண்டும் என்று 1962லேயே எழுதினார். 1971ல் வந்த அவருடைய 'ஹைஃபோமைசிடிஸ்' நூல் உலகெங்கும் பூஞ்சை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் நூலாயிற்று.

பிறகு மரபணுச் சோதனை வந்தது. பென்சிக்கின் அந்த ஒரு பெயருக்குள் 22 இனங்கள் இருப்பதாக 2012ல் அறிவித்தார்கள். அவற்றுள் 'ஏசியானம்' முதலில் தாய்லாந்துக் காப்பிப் பழத்தில் அகப்பட்டது. இன்று பல நாடுகளில் மாம்பழத்தை அழுகச் செய்வது அதுதான்.

அடுத்த முறை புள்ளி கண்டால் பழக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அது தோப்பிலிருந்தே கூட வந்தது.