கிராம ஊராட்சி மானியக் கணக்கு: பேரேட்டிலிருந்து மென்பொருளுக்கு

விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உள்ள ஊர் தாயில்பட்டி. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களை நம்பி வாழும் மக்கள் நிறைந்த பகுதி இது. ஊரில் தெருவிளக்கு எரிவதும், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதும், வாறுகால் அள்ளப்படுவதும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. வீட்டு வரியும் தொழில் வரியும் மட்டும் இவற்றுக்குப் போதா. மத்திய, மாநில அரசுகள் தரும் மானியமே பெரும் துணை. தாயில்பட்டி உள்ளிட்ட தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கு அந்த மானியம் வந்து சேரும் வழியும், அதன் கணக்கை எழுதும் முறையும் கடந்த முப்பது ஆண்டுகளில் முற்றிலும் மாறிவிட்டன.

காகிதக் காலம்

விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு இணையான தொகையை அரசும் தரும் 'வீட்டு வரி இணை மானியம்' அக்காலத்தது. வரி வசூலித்த ஊருக்கே மானியம் என்பதால், வசூல் கணக்கைச் சரியாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் ஊராட்சிக்கு இருந்தது.

அக்கணக்கு முழுவதும் காகிதத்தில் இருந்தது. ரொக்கப் பதிவேடு, வரி கேட்புப் பதிவேடு, செலவுச்சீட்டுக் கோப்பு, வங்கிப் பாஸ்புக் ஆகியவையே ஊராட்சியின் நிதி நிலையைச் சொல்லும் சான்றுகள். தொகை எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்பதை மேல் அலுவலகம் அறிய, பயன்பாட்டுச் சான்றிதழ் கீழிருந்து மேலே போக வேண்டும். ஓர் ஊராட்சியின் சான்றிதழ் தாமதமானால், தொகுப்பு அறிக்கையும் தாமதமாகும். அடுத்த தவணையும் தள்ளிப்போகும்.

அரசியலமைப்புத் திருத்தமும் நிதிக்குழுக்களும்

1993 ஏப்ரல் 24 அன்று 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளின் நிதி ஆதாரத்தைப் பெருக்கும் வழிகளைப் பரிந்துரைப்பது மத்திய நிதிக்குழுவின் கடமைகளுள் ஒன்றாயிற்று. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன்படி 1996-இல் தேர்தல் நடந்தது.

பத்தாவது நிதிக்குழு (1995–2000) 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஊரக மக்கள் ஒருவருக்கு 100 ரூபாய் என்று கணக்கிட்டு ஊராட்சிகளுக்கு மானியம் ஒதுக்கியது. பதினோராவது நிதிக்குழு (2000–2005) பணத்தோடு கணக்கையும் கவனித்தது. ஊராட்சிகள் கணக்கு எழுதவும் தரவுத்தளம் உருவாக்கவும் மானியத்தில் தனித்தொகை ஒதுக்கியது. கணினிமயத்துக்கான விதை இங்கே ஊன்றப்பட்டது எனலாம். பன்னிரண்டாவது நிதிக்குழு (2005–2010) 20,000 கோடி ரூபாயை ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்தது. பதினான்காவது நிதிக்குழு (2015–2020) கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் 2,00,292 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. இவ்வளவு பெரிய தொகையை நாடெங்கும் உள்ள ஊராட்சிகளுக்குப் பிரித்துத் தந்து, பைசா பைசாவாகக் கணக்குக் கேட்பது காகிதத்தால் ஆகாத வேலை.

முதல் மென்பொருள்கள்

2009-இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையும் மத்திய ஊராட்சி அமைச்சகமும் இணைந்து நாடு முழுவதற்கும் பொதுவான மாதிரிக் கணக்கு முறையை வகுத்தன. அதன் அடிப்படையில் தேசியத் தகவலியல் மையம் 'பிரியாசாஃப்ட்' என்னும் கணக்கு மென்பொருளை உருவாக்கியது. எந்த மாநிலத்து ஊராட்சியானாலும் ஒரே தலைப்பின் கீழ் வரவும் செலவும் எழுதப்பட்டதால், ஊர்களை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஆனால் திட்டமிடலுக்கு 'பிளான்பிளஸ்', பணி முன்னேற்றத்துக்கு 'ஆக்‌ஷன்சாஃப்ட்', கணக்குக்கு 'பிரியாசாஃப்ட்' என ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. ஒரே வாறுகால் பணியைப் பல இடங்களில் பதிய வேண்டும். பணம் காசோலையில் கைமாறியது. மென்பொருளில் பிறகு ஏற்றப்பட்டது. எனவே கணினியில் இருந்தது நடந்து முடிந்ததன் நகலே. நகல் எழுத மறந்தால் கணினியில் செலவே இருக்காது.

மறுபுறம் மத்திய அரசு 2008–09-இல் நான்கு மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கிய திட்டக் கண்காணிப்பு முறை, பின்னர் 'பி.எஃப்.எம்.எஸ்.' எனப்படும் பொது நிதி மேலாண்மை அமைப்பாக வளர்ந்தது. அரசு விடுவிக்கும் பணம் கடைசிப் பயனாளியின் வங்கிக் கணக்கை அடையும்வரை தொடர்வது இதன் பணி.

இ-கிராம் ஸ்வராஜ்

2020 ஏப்ரல் 24 அன்று, ஊராட்சி நாளில், 'இ-கிராம் ஸ்வராஜ்' தளம் தொடங்கப்பட்டது. தனித்தனியாக இருந்த மென்பொருள்களின் வேலை இதில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. தளம் பி.எஃப்.எம்.எஸ்.-உடன் இணைக்கப்பட்டது.

இதன் நடைமுறை எளிது. முதலில் கிராம சபை ஒப்புதல் தந்த வளர்ச்சித் திட்டம் ஏற்றப்படும். திட்டத்தில் உள்ள ஒவ்வொரு பணிக்கும் ஓர் அடையாள எண் கிடைக்கும். அந்த எண்ணின் பேரில்தான் செலவுச்சீட்டு உருவாக்க முடியும். இருவர் டிஜிட்டல் கையொப்பமிட்டதும் தொகை ஒப்பந்ததாரர் அல்லது விற்பனையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகும். அப்போதே ரொக்கப் பதிவேட்டிலும் ஏறும். நகல் எழுதும் வேலை போய், செலுத்துவதும் கணக்கு எழுதுவதும் ஒரே செயலாயின. இதுவே இம்மாற்றத்தின் சாரம்.

பதினைந்தாவது நிதிக்குழு 2021–2026 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. இதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிடப்பட வேண்டும். தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் பொதுப்பார்வைக்கு வைப்பது மானியம் பெறும் தகுதியாக்கப்பட்டது. ஆகவே கணக்கு எழுதுவது மானியம் பெற்ற பின் செய்யும் கடமை என்ற நிலை மாறி, மானியம் பெறுவதற்கான முன்நிபந்தனையாயிற்று.

தமிழ்நாட்டின் அனுபவம்

தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுவது வழக்கம். ஒருவர் தவறு செய்தால் மற்றவர் தடுக்கலாம் என்பது இதன் நோக்கம். இருவருக்கும் ஒத்துப்போகாத ஊரில் தெருவிளக்குக்கான பணமும் நின்றுபோகும். காசோலை போய் மின்கையொப்பச் சாதனம் வந்தபோதும் இச்சிக்கல் தீரவில்லை. சாதனமும் கடவுச்சொல்லும் தலைவரிடம் இல்லாமல் வேறொருவர் கையில் இருந்தால், கையெழுத்துப் போட்டவர் யார் என்ற கேள்வி முன்பைவிடக் கடினமாகிறது. பெண் தலைவர்களும் பட்டியல் சமூகத் தலைவர்களும் தம் சாதனத்தைத் தாமே வைத்திருப்பது இந்த வகையில் அதிகாரம் பற்றிய செய்தியாகும்.

இன்னொரு பாடமும் உண்டு. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சிகள் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2019 டிசம்பர் 27, 30 நாள்களில் விருதுநகர் உட்பட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரியில் பொறுப்பேற்ற தலைவர்கள் சில மாதங்களிலேயே, ஊரடங்குக் காலத்தில், புதிய தளத்துக்கு மாற வேண்டியிருந்தது. அவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றன. மென்பொருள் எவ்வளவு விரைவாக இயங்கினாலும், வாக்குச்சீட்டு தரும் தகுதியை அது தர இயலாது.

மக்கள் பார்வைக்கு

முன்பு ஊராட்சிக் கணக்கைக் காண விரும்பியவர் அலுவலகத்துக்குச் சென்று பதிவேட்டைக் கேட்க வேண்டும். இன்று மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் திட்டங்களையும் செலவையும் கைபேசியிலேயே காணலாம். 2024-இல் இத்தளம் தமிழ் உள்ளிட்ட 22 இந்திய மொழிகளில் கிடைக்க வழி செய்யப்பட்டது.

எனினும், திரையில் தெரியும் எண் கேள்வியாவது கிராம சபையில்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை தமிழ்நாட்டில் கிராம சபை கூட்டப்பட வேண்டும். பட்டாசு ஆலையில் வேலை முடித்துத் திரும்பும் ஒருவர், தம் தெரு வாறுகாலுக்கு எழுதப்பட்ட தொகையைக் கைபேசியில் பார்த்துவிட்டு, வாறுகால் எங்கே என்று அந்தச் சபையில் கேட்கும்போதுதான் மானியக் கணக்கின் நவீனமாக்கம் நிறைவு பெறுகிறது.