நம்பியாரைத் திட்டிய அம்மாச்சி

லீவுக்கு வேளாங்கண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். டிவியில 'ஆயிரத்தில் ஒருவன்' ஓடிட்டு இருந்துச்சு. செல்வராகவன் படம் இல்லங்க, 1965-ல பி.ஆர்.பந்துலு எடுத்தது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதல்முதலா சேர்ந்து நடிச்ச படம். கடற்கொள்ளையர் தலைவனா நம்பியார் வந்தாரு. உடனே அம்மாச்சி, "பாவி, வந்துட்டான் பாரு!"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

அதுதான் எம்.என்.நம்பியாரோட வெற்றி. நிஜத்துல அவர் சைவச் சாப்பாட்டுக்காரர், வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டுக் கூட்டிட்டுப் போன குருசாமி. ஆனா திரையில கண்ணை உருட்டி வார்த்தையை இழுத்துப் பேசினா, வாளை உருவுறதுக்கு முன்னாடியே நமக்குப் பயம் வந்துடும். எம்.ஜி.ஆரோட அவர் போடுற வாள் சண்டையை இன்னிக்கும் சேனல் மாத்தாம பார்க்கலாம்.

இந்தக் கதைக்கு மூலம் 1935-ல வந்த 'கேப்டன் பிளட்'. அதுல எரால் ஃபிளின் ஹீரோ, கொள்ளையன் வேஷத்துல பேசில் ராத்போன். ரெண்டு படத்துலயும் ஹீரோ ஒரு வைத்தியர். காயம்பட்ட கலகக்காரங்களுக்கு வைத்தியம் பார்த்த குத்தத்துக்காக, தூர தேசத்துல அடிமையா விற்கப்படுறார்.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. எம்.ஜி.ஆரை அடிமையாக்குறது நம்பியார் இல்ல. அனுப்புறது ஒரு அரசாங்கம், விலைக்கு வாங்குறது மனோகர் நடிச்ச தீவுத் தலைவன். ஆனா நம்ம கோபம் முழுக்க நம்பியார் மேலதான்!

நிஜ வரலாறும் அப்படித்தான் இருக்கு. எங்க ஊர்ல இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ல நாகப்பட்டினம். 1658-ல அதை போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து டச்சுக்காரங்க பிடிச்சாங்க. அதே காலத்துல பீஜப்பூர் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாட, வயல் பாழாகி, பெரும் பஞ்சம். நெல்லு விளையுற பூமியில, சோத்துக்காக மனுஷன் தன்னையும் பிள்ளைகளையும் விற்கிற நிலைமை. 1659-61 வாக்கில் நாகப்பட்டினம் உள்ளிட்ட சோழமண்டலத் துறைமுகங்கள்ல இருந்து டச்சுக் கம்பெனி கப்பல்ல ஏற்றின அடிமைகள் 8,000-லிருந்து 10,000 பேர்னு ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க. பெரும்பாலானவங்க போனது இலங்கைக்கு, சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும்.

இதைச் செஞ்சவங்க கடற்கொள்ளையர் இல்ல. கணக்கு எழுதி, கப்பல் அனுப்பி, லாபம் பார்த்த ஒரு வியாபாரக் கம்பெனி. மாசச் சம்பளத்துக்கு கம்பெனியில வேலை பார்க்கிற எனக்கு, அந்தக் கணக்கை எழுதின குமாஸ்தாவை நினைச்சாத்தான் நம்பியாரைவிட பயமா இருக்கு.

படம் முடிஞ்சதும் அம்மாச்சிகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "அப்ப இத்தனை வருஷமா அந்த மனுஷனையா திட்டிக்கிட்டு இருந்தேன்?"