தீயின் வேகம் - 7: மண் கலந்த நைலான்

2011 டிசம்பர் 9, விடிவதற்கு முன். கொல்கத்தா டாகுரியாவில் அம்ரி மருத்துவமனையின் நிலவறை. கார் நிறுத்த ஒதுக்கிய இடத்தில் அடுக்கிவைத்திருந்த பொருள்களில் நெருப்பு பற்றியது. நெருப்பு கீழேயே நின்றது. புகைதான் மாடி மாடியாக ஏறியது. கண்ணாடியால் மூடிய அந்தக் கட்டடத்துக்குள் 90 பேர் அளவில் மாண்டார்கள். கேரளத்து நர்ஸுகள் இருவர் நோயாளிகளைக் காப்பாற்றி வெளியே சேர்த்துவிட்டு, இன்னும் இருப்பவர்களுக்காக உள்ளே போனார்கள். திரும்பவில்லை.

அவர்களுக்கு வேண்டியிருந்தது சில நிமிடங்கள். எரியும் பொருளே அந்த அவகாசத்தைத் தருமாறு செய்ய முடியாதா?

போன வாரம் பார்த்த புரோமின் சேர்மங்கள் சுடரை அடக்கும். மீறி எரிந்தாலோ புகையைக் கூட்டும். உடலில் தங்கிவிடும் நஞ்சு என்று அவற்றில் சிலவற்றை 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தது.

மாற்று வழி களிமண்ணில் இருந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் வெட்டியெடுக்கும் பெண்டோனைட்டில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் உண்டு. அதன் தகடு ஒவ்வொன்றும் 1 நானோமீட்டர் கனம்தான். அதை நைலானில் கலந்தால் தீயைத் தாங்கும் என்று 1976-லேயே ஜப்பானின் யூனிடிகா நிறுவனம் காப்புரிமையில் எழுதிவைத்தது. 80-களில் டொயோட்டா ஆய்வகமும் நைலானில் களிமண் கலந்தது. ஆனால் அது தேடியது வலுவை.

1997. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஜெஃப்ரி கில்மன் குழு தீயையே சோதித்தது. கூம்பு வடிவ ஹீட்டருக்கு அடியில் உள்ளங்கை அகலத் துண்டு. வெறும் நைலான் எரிந்தபோது வெப்பம் வெளிப்படும் வேகம் சதுர மீட்டருக்கு 1,010 கிலோவாட் வரை ஏறியது. 5 சதவீதம் களிமண் கலந்த துண்டோ 378-லேயே நின்றுவிட்டது! மேலே பாலாடைபோல ஒரு கரிப்படலம். நைலான் சிதையச் சிதைய, மண் தகடுகள் மேற்பரப்பில் சேர்ந்து, உள்ளே இறங்கும் வெப்பத்தையும் வெளியேறும் எரிவாயுவையும் மட்டுப்படுத்தின.

வெற்றிதானா? இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் சுடரைக் காட்டி எடுத்துவிடுவார்கள். 10 நொடிக்குள் தானே அணைந்தால்தான் முதல் தரம்.

மண் கலந்த நைலான் அணையவில்லை. மெதுவாக, விடாமல், முழுக்க எரிந்தது.

பெருந்தீயின் உச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிய களிமண், ஒரு சிறு சுடரிடம் ஏன் தோற்றது? அந்தத் தோல்விதான் அதற்கு ஒரு கூட்டாளியைத் தேட வைத்தது. யார் அந்தக் கூட்டாளி?

(தொடரும்)