நான்கு அரிசிமணிகள்

வியன்னா நகரத்து டிராம் வண்டியிலே கண்டக்டராக வேலை பார்த்தவர் அவர். வயது 34. உழைத்துப் பிழைத்த உடல் 1924-ஆம் ஆண்டிலே படுக்கையில் சாய்ந்தது. எலும்பெல்லாம் வலி, தொடையெலும்போ முறிந்தேவிட்டது! சிறுநீரில் வெண்ணிறப் படிவு. எலும்பின் சுண்ணச்சத்து கரைந்து வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் செய்த பாவம் என்ன? முற்பிறப்பின் வினையா? முனிவரின் சாபமா? இல்லை, இல்லை! கழுத்துக்குள்ளே ஒரு சிறு சுரப்பி பருத்திருந்தது, அவ்வளவே.

அந்தச் சுரப்பிக்குப் பாராதைராய்டு என்று பெயர். தைராய்டுச் சுரப்பியின் பின்புறம் ஒட்டிக் கிடக்கும், பெரும்பாலோர்க்கு நான்கு, ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணி அளவு. இரத்தத்தில் சுண்ணச்சத்து இவ்வளவு இருக்கவேண்டும் என்று ஆணையிடுவது இதுதான். இது சோர்ந்தால் கைகால் இசிவு காணும், வலிப்பும் வரும். இது வரம்பு மீறிச் சுரந்தால் எலும்பு தன் செல்வத்தை இழக்கும். சிறுநீரகத்தில் கல் விளையும். அளவோ சிறிது; ஆட்சியோ பெரிது!

இதனைக் கண்டறிந்த கதை, நம் இளைஞர்கள் கட்டாயம் அறியவேண்டிய கதை.

லண்டன் விலங்குக் காட்சிசாலையிலே இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849-இல் இறந்தது. அதை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், தைராய்டை ஒட்டி மஞ்சள் நிறச் சிற்றுறுப்பு ஒன்று இருப்பதைக் குறித்து வைத்தார். குறிப்பு இருந்தது, கவனிப்பார் இல்லை. 1877-இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மருத்துவ மாணவர், நாயின் கழுத்திலே அதே உறுப்பைக் கண்டார். வயது 25. கண்டதோடு நிற்கவில்லை. பூனை, முயல், எருது, குதிரை என்று தேடினார். ஐம்பது மனித உடல்களை ஆராய்ந்தார். பெயரும் சூட்டினார்.

கட்டுரையை ஜெர்மனிக்கு அனுப்பினார். மிக நீளம் என்று திருப்பி அனுப்பினர்! 1880-இல் அது உப்சாலாவின் மருத்துவச் சங்க ஏட்டிலே, சுவீடிஷ் மொழியிலே வெளிவந்தது. உலகம் படிக்கவில்லை. 1889-இல், 37 வயதிலே, தன் கண்டுபிடிப்பின் பெருமையைக் காணாமலே அந்த இளைஞர் மறைந்தார்.

ஒரு கட்டுரை படிக்கப்படாததனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். அதே ஆண்டுகளில் வியன்னாவிலே, புகழ்பெற்ற பில்ரோத்தின் மருத்துவமனையிலே, கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை அகற்றினர். அறுவை முடிந்த சிலருக்குக் கைகால் இசிந்தது, சிலர் மாண்டனர். ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. தைராய்டோடு அரிசிமணிகளும் வெட்டுண்டு போனதை எவர் அறிவார்? 1891-இல் பிரான்சு நாட்டு யூஜீன் கிளே இவ்வுறுப்பை மீண்டும் கண்டார். 1909-இல் மக்கல்லம், வேக்ட்லின் இருவரும் சுண்ணச்சத்தை ஊட்டினால் இசிவு அடங்கும் என்று மெய்ப்பித்தனர். விடை பிறக்கு முன்னே எத்தனை உயிர் விலையாயிற்றோ!

இன்னொரு தடையும் இருந்தது. எலும்பு நைந்து இறந்தோரின் உடலிலே பாராதைராய்டு பருத்திருப்பதை 1900-களின் தொடக்கத்திலேயே எர்ட்ஹைம் கண்டார். எலும்பின் நலிவை ஈடுசெய்யவே சுரப்பி வளர்கிறது என்றார். சில நோய்களில் அது உண்மை. ஆனால் எல்லா நோய்க்கும் அதுவே விதி என்று மற்றவர்கள் கொண்டனர். ஒற்றைச் சுரப்பி மட்டும் பருத்திருந்தால் அதுவே நோயின் வேராக இருக்கலாமே, அகற்றினால் என்ன என்று 1915-இல் ஷ்லாகன்ஹௌஃபர் கேட்டார். பத்தாண்டுகள் அந்தக் கேள்வி உறங்கியது!

நம் டிராம் கண்டக்டருக்குச் சிகிச்சை அளித்த ஃபெலிக்ஸ் மாண்டலும் முதலில் பழைய வழியிலேதான் சென்றார். சுரப்பிச் சாறு கொடுத்தார். வேறொருவரின் சுரப்பியை ஒட்டவைத்தார். எரியும் நெருப்புக்கு எண்ணெய்! பயன் இல்லை என்று கண்டதும், கொண்ட கொள்கையைத் தூக்கி எறிந்தார். 1925-இல் கழுத்தைத் திறந்தார்; கட்டியை அகற்றினார். வலி நீங்கியது, படுத்தவர் நடந்தார்! சில ஆண்டுகளுக்குப் பின் நோய் திரும்பியது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வழி திறந்துவிட்டது.

அமெரிக்கக் கப்பல் தலைவர் ஒருவர் கதையும் உண்டு. எலும்பு குறுகி, உயரத்திலே ஏழு அங்குலம் இழந்தவர். ஆறு முறை கழுத்தை அறுத்தும் கட்டி அகப்படவில்லை. அவரே நூலகம் சென்று உடற்கூற்று நூல்களைப் படித்தார். நெஞ்சிலே தேடுங்கள் என்றார். 1932-இல் பாஸ்டனில் ஏழாம் அறுவை. கட்டி நெஞ்சுக்குள்ளேதான் இருந்தது! கரு வளரும்போது இச்சுரப்பி கீழே இறங்கும். சிலருக்கு எல்லை தாண்டி இறங்கிவிடும். சில வாரங்களில் அவர் இறந்தார். அவர் கேட்ட கேள்வி பிறரைக் காத்தது.

இன்று? 1963-இல் பெர்சன், யாலோ ஆகியோர் இச்சுரப்பியின் நீரை இரத்தத்திலேயே அளக்கும் முறையை வெளியிட்டனர். யாலோ அம்மையாருக்கு 1977-இல் நோபல் பரிசு. கட்டி எங்கே என்று கழுத்தைத் திறக்கு முன்பே படம் காட்டுகிறது. கட்டியை எடுத்த சில நிமிடங்களில் சுரப்புநீர் குறைந்ததா என்று அறுவை மேசையருகிலேயே அளக்கிறார்கள். தேர்ந்த கைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். இக்கட்டி புற்றாக இருப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

எனினும் நம் நாட்டிலே, எலும்பு முறிந்த பிறகும் கல் விளைந்த பிறகுமே இந்நோய் கண்டறியப்பட்டோர் ஏராளம். மீண்டும் மீண்டும் கல் வருகிறதா? காரணமின்றி எலும்பு முறிகிறதா? தலையெழுத்து என்று தலையிலே கைவைக்க வேண்டாம். இரத்தத்தில் சுண்ணச்சத்து எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறு சோதனை, சில துளி இரத்தம்.

பெரியவர் சொன்னார் என்று அடங்கியிருந்தால், டிராம் கண்டக்டர் படுக்கையிலேயே மடிந்திருப்பார். மாணவர் ஒருவர் பார்த்தார். மருத்துவர் ஒருவர் தம் தவறைத் திருத்திக்கொண்டார். நோயாளி ஒருவர் கேட்டார். அரிசிமணியின் ஆட்சியை வென்றவை இம்மூன்றே: பார்த்த கண், திருந்திய நெஞ்சு, கேட்ட வாய்!