ஜாம் போத்தல் விளக்கிலிருந்து நட்சத்திர முத்திரை வரை

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோனது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அது திரும்பவில்லை. மண்ணெண்ணெய்யும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டு, போத்தல் கணக்கில் தேடி வாங்கவேண்டிய அரும்பொருளாயிற்று. அரிக்கன் லாம்பு ஏற்றுவதே ஆடம்பரம் என்று கருதப்பட்ட அந்நாட்களில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், மெல்லியதொரு நூல் திரி, அவ்வளவுதான். போத்தலின் கண்ணாடியே சுடரைக் காற்றிலிருந்து காத்தது. வெளிச்சம் குறைவுதான். ஆனால், விரித்த புத்தகத்தின் பக்கத்துக்கு அது போதுமானதாயிருந்தது. அந்த ஒளியிலே படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறை இருக்கிறது. அதில் நானும் ஒருவன்.

அவ்விளக்கை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அரிக்கன் லாம்பின் திரியை இறக்கி எண்ணெயை மிச்சம் பிடிப்பது ஒருவகைச் சிக்கனம். விளக்கையே மாற்றிவிடுவது இன்னொருவகைச் சிக்கனம். முதலாவதற்கு ஒவ்வோர் இரவும் மனக்கட்டுப்பாடு வேண்டும். இரண்டாவதற்கு ஒருநாள் யோசனை போதும்; பின்னர் அது தானாகவே மிச்சம் பிடிக்கும். குடாநாட்டு மக்கள் நெருக்கடியில் கண்டுகொண்ட இந்த வேறுபாட்டை, இலங்கையின் மின்சார வரலாறு மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டது.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் மின்சார விநியோகம் தொடங்கியது 1895 இல். நீர்வீழ்ச்சிகளிலிருந்து இத்தீவுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எழுதிய ஆய்வுரை, லக்சபான நீர்மின் நிலையமாக நிறைவேறுவதற்கு 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1969 இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. அக்காலத்தில் மின்சாரம் பெற்ற இல்லங்கள் சிறுபான்மையே. அவற்றிலும் நான்கைந்து மின்குமிழ்கள், ஒரு வானொலி, வசதியுள்ளோர் வீட்டில் ஒரு மின்விசிறி, ஓர் அழுத்தி என்பவற்றோடு தேவை முடிந்துவிடும். மழை பெய்தால் மின்சாரம் என்ற நிலையில், ஒரு கருவி எவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது என்று கேட்பார் எவருமில்லை. பழைய இழைக் குமிழ் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து வீதமளவையே ஒளியாகத் தந்து, எஞ்சியதை வெப்பமாக வீணாக்குவது என்பதும் பாடப்புத்தகச் செய்தியாகவே இருந்தது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் நிலைமை மாறிற்று. கடைகளில் வெளிநாட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் வரிசையாக நின்றன. 1979 இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றவர்கள் திரும்பும்போது மின்சாதனங்களோடு வந்து இறங்கினர். 1980களில் விக்டோரியா, கொத்மலை போன்ற மகாவலி நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின; மின்கம்பிகள் கிராமங்களை நோக்கி நீண்டன. அந்நாட்களில் பொருள் வாங்கப் போனவர் கடைக்காரரிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். விலை என்ன? யப்பான் சாமானோ? மாதம் எத்தனை அலகு செலவாகும் என்ற மூன்றாவது கேள்வி எழவில்லை. எழுந்திருந்தாலும் விடை சொல்ல ஒரு துண்டுக் கடதாசிகூட அந்தப் பெட்டியில் ஒட்டப்பட்டிருக்கவில்லை.

1996 இல் வரட்சி வந்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின, நாடு மணிக்கணக்கில் இருளில் மூழ்கியது. 2001 இலும் 2002 இலும் அதே கதை தொடர்ந்தது. பத்திரிகைகளில் அறிவுரைகள் குவிந்தன. தேவையற்ற விளக்குகளை அணையுங்கள், குளிர்சாதனப் பெட்டியின் கதவை அடிக்கடி திறக்காதீர்கள், உடைகளை ஒரேயடியாக அழுத்திக்கொள்ளுங்கள் என்றெல்லாம் எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன். அவை தவறான அறிவுரைகள் அல்ல. ஆயினும், இல்லத்தரசியின் கைவிரலிலேயே நாட்டின் மின்சாரப் பிரச்சினை முழுவதும் தங்கியிருப்பதுபோல் எழுதினோம் என்பதை இன்று எண்ணிப் பார்க்கும்போது சிறிது வெட்கமாகவே இருக்கிறது. இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்கவேண்டிய பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வைத்திருப்பவர் எந்த சுவிட்சை அணைப்பார்?

இதனைச் சற்று வேறுவிதமாகச் சிந்தித்த முயற்சி ஒன்றும் அக்காலத்திலேயே நடந்தது. இலங்கையின் மின்கேள்வி மாலை ஆறரை மணியளவில் திடீரென ஏறி, இரவு பத்தரை மணிவரை உச்சத்தில் நிற்பது. வீடுகளில் விளக்கேற்றும் நேரம் அது. அந்த நான்கு மணித்தியாலத்துக்காகவே விலையுயர்ந்த எண்ணெயை எரிக்கவேண்டியிருந்தது. ஆகவே, 1990களில் மின்சார சபை சிஎஃப்எல் எனப்படும் சிறுகுழல் மின்குமிழ்களைப் பாவனையாளர்களுக்கு வழங்கி, அதன் விலையை மாதாந்தப் பட்டியலோடு சேர்த்துத் தவணைமுறையில் அறவிடும் திட்டமொன்றை நடைமுறைப்படுத்தியது.

கணக்கைப் பாருங்கள். 60 வோற் இழைக் குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. அதே ஒளியைத் தரும் 12 வோற் சிறுகுழல் குமிழுக்கு 1.8 அலகே செலவாகும். ஆனால், சாதாரண குமிழைவிட அதன் விலை பல மடங்கு. அன்றாடம் உழைத்து உண்பவர் ஒரு குமிழுக்கு அவ்வளவு பணத்தை ஒரேநாளில் எடுத்துவைக்க இயலாது. மிச்சமாகும் மின்சாரத்தின் பணத்திலிருந்தே குமிழின் விலையைச் செலுத்த வைத்ததுதான் அத்திட்டத்தின் நுட்பம். ஜாம் போத்தல் விளக்குக்குப் பின் இந்நாட்டில் நான் கண்ட சிறந்த சிக்கன யோசனை அதுவே என்பேன்.

மாதத்துக்கு எத்தனை அலகு என்ற அந்த மூன்றாவது கேள்விக்கு விடையைப் பொருளிலேயே எழுதி ஒட்டவேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது வேறு நாடுகளில். 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியே அதற்குத் தூண்டுகோல். அமெரிக்காவில் பெற்றோல் நிலையங்களின் முன் மக்கள் வரிசையில் நின்ற அந்த நவம்பரில், கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்ற பௌதிகவியலாளர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தமது அலுவலகத் தளத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு வீடு செல்ல முற்பட்டார். சில சுவிட்சுகள் புத்தக அலுமாரிகளுக்குப் பின்னால் மறைந்துகிடந்தன. அவை பலகாலமாகத் தொடப்படவே இல்லை. அணுத்துகள் ஆராய்ச்சியில் பெயர்பெற்றிருந்த அவர், அதன்பின் தம் வாழ்நாளை ஆற்றல் சிக்கனத்துக்கே அர்ப்பணித்தார்.

அவர் போன்றோரின் வாதம் எளிமையானது. புதிதாக ஒரு மின்நிலையம் கட்டுவதைவிட, வீடுகளில் உள்ள குளிர்சாதனப் பெட்டிகளைத் திருத்துவது மலிவு. 1976 இல் கலிபோர்னியா குளிர்சாதனப் பெட்டிகளுக்கான தரவிதிகளைப் பிறப்பித்தது. 1987 இல் அமெரிக்கா முழுவதற்குமான சட்டம் வந்தது. விளைவு வியக்கத்தக்கது. 1970களின் நடுப்பகுதியில் அங்கு விற்பனையான சராசரிக் குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 அலகுகளை விழுங்கியது. 2001 ஆம் ஆண்டின் தரவிதிக்குப் பின் அது 500 அலகுக்கும் கீழே இறங்கியது. பெட்டி சுருங்கவில்லை, முன்னையதைவிடப் பெரிதாகவே இருந்தது. சுவருக்குள் வெப்பங்கடத்தா நுரை, இறுக்கமான கதவு விளிம்பு, திருத்தமான கொம்பிரசர் ஆகிய மாற்றங்களே போதுமானவையாயின. அவற்றை முன்னரே செய்திருக்கலாம். கேட்பவர் இல்லாததால் செய்யப்படவில்லை.

தரவிதியோடு முத்திரையும் வந்தது. ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதைக் காட்டும் மஞ்சள் முத்திரை 1980 இல் அமெரிக்கக் கடைகளில் தோன்றியது. 1992 இல் ஐரோப்பா இதற்கான பொதுவிதியை வகுத்தது. 2006 இல் இந்தியா நட்சத்திர முத்திரையை அறிமுகப்படுத்தியது. இலங்கையில் நட்சத்திரங்களை முதலில் தாங்கி நின்றது நாம் மேலே கண்ட அதே சிறுகுழல் குமிழ்தான். 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை அமைக்கப்பட்டு, முத்திரையிடும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏனைய சாதனங்கள் படிப்படியாகவே இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. ஒரு வீட்டின் மின்பட்டியலில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் குளிர்சாதனப் பெட்டி இந்த வரிசையில் முன்னுக்கு நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இத்தாமதத்தின் விலை என்ன என்பதை 2022 காட்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டது. சராசரிகள் ஏழையின் கதையைச் சொல்வதில்லை. மாதத்துக்கு 30 அலகு பாவித்த குடிசை ஒன்று 2022 ஆகஸ்டுக்கு முன் செலுத்தியது 105 ரூபா. 2023 பெப்ரவரிக்குப் பின் அதே 30 அலகுக்கு 1,300 ரூபா. பட்டியலைச் செலுத்த முடியாமல் பல இலட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 1990 இல் போர் பறித்த வெளிச்சத்தை இம்முறை பட்டியல் பறித்தது.

அன்றைய கட்டண முறையில் 60 ஆவது அலகு ஒரு மலையுச்சியின் விளிம்பு போன்றது. 60 அலகு பாவித்த வீட்டுக்கு 2,560 ரூபா. 61 அலகு பாவித்த வீட்டுக்கு 3,212 ரூபா. விளிம்பைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே உயர்ந்த விலை அறவிடப்பட்டதால், அந்த ஒற்றை அலகின் பெறுமதி 652 ரூபா! அதன்பின் கட்டணங்கள் பல தடவைகள் இறங்கியும் ஏறியும் மாறியுள்ளன. ஆனால், 2023 இல் அந்த விளிம்பில் நின்ற குடும்பத்தைத் தள்ளிவிட்டது எது என்பதைச் சிந்திக்கவேண்டும். நாளொன்றுக்கு இரண்டு அலகு குடிக்கும் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால், மாதம் 60 அலகு அதற்கே போய்விடும். அப்புறம் ஒரு விளக்கை ஏற்றினாலே விளிம்பு தாண்டிவிடும். நாளுக்கு ஓர் அலகுக்கும் குறைவாகச் செலவழிக்கும் சிறிய இன்வேர்ட்டர் பெட்டி அவ்விடத்தில் இருந்திருந்தால், விளக்குக்கும் விசிறிக்கும் முப்பது அலகு மிஞ்சியிருக்கும்.

ஆகவே வாங்கச் செல்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். அவை அதே அளவுள்ள பெட்டிகளுக்கிடையிலான ஒப்பீடு மாத்திரமே. ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிடக் கூடுதலாகக் குடிக்கக்கூடும். முத்திரையில் ஆண்டுக்கான அலகு எண்ணிக்கை இருந்தால் அதையே பாருங்கள். பன்னிரண்டால் வகுத்தால் மாதச் செலவு தெரிந்துவிடும். பழைய கூரைவிசிறி 75 வோற் அளவில் ஓடுவது. நாளுக்குப் பத்து மணித்தியாலம் சுழன்றால் மாதம் 22.5 அலகு. பிஎல்டிசி மோட்டார் பொருத்திய விசிறி 30 வோற்றில் அதே காற்றைத் தருவதால் 9 அலகோடு நின்றுவிடும். எல்ஈடி குமிழ் இப்போது சிறுகுழல் குமிழையும் பின்தள்ளிவிட்டது. முன்பு 60 வோற் குமிழ் தந்த ஒளியை அது 9 வோற்றில் தருகிறது. புதிய பெட்டி வாங்கியதும் பழையதைப் பின்கூடத்தில் வைத்து மீண்டும் ஓடவிடும் வழக்கத்தையும் கைவிடவேண்டும். அவ்வாறு செய்தால் மிச்சம் ஏதுமில்லை, செலவே இரட்டிப்பாகும்.

இவையனைத்தும் கையில் காசுள்ளவர்களுக்குப் பொருந்தும். நல்ல கருவிக்கு விலை கூட. மலிவான கருவிக்கு மின்சாரம் கூட. வசதியுள்ளவர் முதலாவதை வாங்கி, கூரையில் சூரியத்தகடும் பொருத்திக்கொள்கிறார். அவர் கழித்துவிட்ட பழைய பெட்டி கைமாறிக் கைமாறி ஈற்றில் வந்து சேர்வது குறைந்த வருமானமுள்ள வீட்டுக்கு. மலிவாக வாங்கியவர் ஒவ்வொரு மாதமும் பட்டியலின் வழியே அதன் விலையைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார். தேர்ந்தெடுக்கும் அறிவு அவரிடம் இல்லை என்று சொல்வது நியாயமன்று. தேர்ந்தெடுக்கும் வசதி அவரிடம் இல்லை.

1990களில் ஒரு குமிழுக்குச் செய்ததை ஒரு விசிறிக்கும் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கும் செய்ய முடியாதா என்பதே ஆட்சியாளர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி. மிச்சமாகும் அலகுகளிலிருந்து தவணையை அறவிடும் வழி இந்நாட்டுக்குப் புதியதல்ல. அன்று நன்மை பெற்றது வீடு மட்டுமல்ல; மாலை நேரத்தில் எரியவேண்டிய எண்ணெயும் மிஞ்சியது. மீண்டும் ஒரு வரட்சியோ டொலர் தட்டுப்பாடோ வந்து, விளக்கை அணையுங்கள் என்ற அறிவுரை பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு வருவதற்கு முன் அதனைச் செய்வது நல்லது.

போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்புடன் மீண்டும் இணைந்தது. ஜாம் போத்தல்கள் சமையலறைக்குத் திரும்பிவிட்டன. சீனியும் மிளகாய்த்தூளும் அவற்றில் இருக்கின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம் அக்காலத்து இருட்டைவிட, அந்த இருட்டிலும் விளக்கையே மாற்றிப் பார்த்த மக்களின் புத்திதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.