ஒலியடக்கி உட்குழல்

ஒலியடக்கி உட்குழல் என்பது மோட்டார் சைக்கிளின் ஒலியடக்கிக்குள் பொருத்தப்படும், துளைகளும் தடுப்புத் தகடுகளும் கொண்ட எஃகுக் குழல் ஆகும். இது ஆங்கிலத்தில் பாஃபிள் எனவும், ஒலியடக்கி பேச்சு வழக்கில் சைலன்சர் எனவும் அழைக்கப்படுகின்றன. யமஹா ஆர்எக்சு 100 போன்ற பழைய இருவீச்சுப் பொறி வண்டிகளில் உட்குழலைத் தனியே கழற்றித் துப்புரவு செய்ய இயலும். பல புதிய வண்டிகளில் அது ஒலியடக்கியுடன் பற்றவைக்கப்பட்டிருப்பதால் கழற்ற இயலாது.

பணி

பொறியிலிருந்து வெளிவரும் வளிமம் உயர் அழுத்தத் துடிப்புகளாக வருகின்றது. உட்குழலின் துளைகளும் தடுப்புகளும் இத்துடிப்புகளைச் சிதறடித்து, ஒலியலைகளை ஒன்றோடொன்று மோதச் செய்து வலுவிழக்கச் செய்கின்றன. இருவீச்சுப் பொறியில் ஒலியடக்கியின் வடிவமைப்பு இழுவிசையையும் பாதிக்கும். எனவே உட்குழலை நீக்கிவிட்டால் வண்டியின் ஆற்றல் கூடும் என்னும் பரவலான நம்பிக்கை எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது.

இறுகிப்போதலின் காரணங்கள்

இருவீச்சுப் பொறியில் உயவு எண்ணெயும் எரிபொருளுடன் சேர்ந்து எரிகின்றது. முழுமையாக எரியாத எண்ணெய் உட்குழலின் மீது கரியாகவும் பிசினாகவும் படிந்து, அதனை வெளிக்கூட்டுடன் ஒட்டிவிடுகின்றது. துளைகள் அடைபடுவதால் வளிமம் வெளியேறத் தடை ஏற்பட்டு, வண்டியின் இழுவை குறையும்; எரிபொருள் செலவு கூடும். நான்குவீச்சுப் பொறியில் எண்ணெய் எரிவதில்லையாதலால் இப்படிவு மிகக் குறைவு.

இரண்டாவது காரணம் துரு. தூத்துக்குடி போன்ற, துறைமுகமும் உப்பளங்களும் நிறைந்த கடற்கரைப் பகுதிகளில் காற்றில் கலந்துள்ள உப்பு, ஈரத்தை ஈர்த்து எஃகின் அரிப்பை விரைவுபடுத்துகின்றது. இதனால் உட்குழலைப் பிடித்திருக்கும் திருகாணி முதலில் இறுகுகின்றது.

கழற்றும் முறை

1. பொறி முற்றிலும் குளிர்ந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.
2. திருகாணியின் மீது துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டவிட்டுச் சில மணி நேரம், இயன்றால் ஓர் இரவு, ஊறவிட வேண்டும்.
3. சரியான அளவுள்ள திறவுகோலால் திருகாணியைச் சிறிது இறுக்கியும் தளர்த்தியும் மாறி மாறித் திருகிக் கழற்ற வேண்டும். ஒரே மூச்சில் விசை கொடுத்தால் திருகாணியின் தலை முறியக்கூடும்.
4. உட்குழலின் முனையை இடுக்கியால் பற்றி முதலில் இடமும் வலமுமாகச் சுழற்ற வேண்டும். அது அசைந்த பின்னரே வெளியே இழுக்க வேண்டும்.
5. அப்போதும் வரவில்லையெனில் ஒலியடக்கியை வண்டியிலிருந்து கழற்றி, வெளிக்கூட்டை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் கரிப்படிவு உடைந்து பிடி தளரும்.

சில பணிமனைகளில் ஒலியடக்கியைச் சூடாக்கும் வழக்கம் உண்டு. உள்ளே தேங்கிய எண்ணெய் தீப்பற்றக்கூடுமாதலால் இதனைத் திறந்தவெளியில், எரிபொருள் தொட்டியிலிருந்து விலகியே செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றிய குழலைச் சூடாக்குதல் மிகவும் ஆபத்தானது.

துப்புரவு

கரியைக் கம்பித் தூரிகையால் சுரண்டலாம். எரிசோடாக் கரைசலில் ஊறவைப்பது மற்றொரு முறை. தூத்துக்குடி மாவட்டத்தின் சாகுபுரத்தில் உள்ள ஆலையில் உப்பிலிருந்து எரிசோடா தயாரிக்கப்படுகின்றது. நீரில்தான் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். எரிசோடாவின் மீது நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்காப்பும் கட்டாயம் தேவை. எரிசோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வளிமத்தை உண்டாக்கும். எனவே இம்முறை எஃகுப் பகுதிகளுக்கு மட்டுமே ஏற்றது. துப்புரவு செய்த குழலை நன்கு கழுவி உலர்த்த வேண்டும். திருகாணியில் வெப்பம் தாங்கும் மசகு தடவிப் பூட்டினால் அடுத்த முறை எளிதில் கழலும்.

சட்டம்

உட்குழலின்றி வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றமாகும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி ஒலியடக்கியைக் கட்டாயமாக்குகின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஒலி வரம்பை மீறும் முதற்குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத் தகுதியும் மூன்று மாதங்களுக்கு இழக்கப்படும்.

இவற்றையும் பார்க்க

- இருவீச்சுப் பொறி
- துருப்பிடித்தல்
- ஒலி மாசு